கேசினோவில் நடக்காத காட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பல் கேசினோ ஒன்றில் சீட்டு மேசையிலும் ரூலட் சக்கரத்திலும் (பந்து எந்த எண்ணில், எந்த நிறக் குழியில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம்) வேலை பார்த்தவன் நான். சூதாட்ட விடுதியில் நடக்கும் தொலைக்காட்சித் தொடரின் சென்ற வார அத்தியாயத்தைப் பார்த்தேன். நாயகன் பணக்கட்டை நீட்ட, மேசை ஊழியர் கையிலேயே வாங்கிக்கொள்கிறார். நாங்கள் அப்படி வாங்கியதே இல்லை. பணத்தை ஆட்டக்காரர் மேசைமேல் வைக்க வேண்டும். கேமராவுக்குத் தெரியும்படி நோட்டுகளை விரித்து எண்ணிய பிறகுதான், பணத்துக்குப் பதிலாக ஆட்டத்தில் வைக்கும் சில்லு தருவோம். மேசையை விட்டு நகரும்போது கையில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று இரண்டு கைகளையும் தட்டித் திருப்பிக் காட்ட வேண்டும். மூக்கு அரித்தாலும் இதே கதைதான்!

சரி, அது போகட்டும். எட்டு முறை தொடர்ந்து கறுப்பு விழுந்ததால் அடுத்தது சிவப்புதான் என்று நாயகன் மொத்தத்தையும் கட்டி ஜெயிக்கிறார். முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்று சக்கரத்துக்குத் தெரியுமா? ஒரே ஒரு சுழியம் (பூஜ்ஜியம்) உள்ள சக்கரத்தில் 37 குழிகள். அதில் சிவப்பு 18தான்; கறுப்பும் 18, மிச்சம் ஒன்று சுழியம். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தாலும் 35 மடங்குதான் லாபம்; கட்டிய பணத்தோடு சேர்த்தால் 36 மடங்கு, குழிகளோ 37. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் விடுதி பிழைக்கிறது. இந்தக் கறுப்பு-சிவப்புக் கணக்கை நம்பி, விரலில் கிடந்த மோதிரத்தை வைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வசனம் எழுதுபவர் அடுத்த முறை பழைய ஊழியர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கேசினோ ஊழியர்