டிரெய்லர் வாங்கும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற கேம்பிங் டிரெய்லர் வாங்கப்போகிறாய் என்றதும் எனக்கே வாங்குகிற மாதிரி சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் கடிதத்தை அவர்தான் முதலில் படித்தார். பெரியவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "வேன் 3,500 பவுண்டு, அதாவது 1,590 கிலோ வரை இழுக்குமாம். டிரெய்லர் 1,050 கிலோதான். அப்புறம் என்ன யோசனை?" என்று கேட்டிருந்தாய். அந்த 1,050 காலி எடை. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறினால் 1,300 ஆகிவிடும். அதையும் உன் வேன் இழுத்துவிடும். உன் மினிவேனில் சிக்கல் வருவது வேறு இடத்தில்.

டிரைவர் கதவைத் திற. கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். 540 என்று வைத்துக்கொள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது வேனின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற குமிழின் மேல் அழுத்தும். உனக்கு அது ஏறக்குறைய 150 கிலோ, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். மிச்சம் 390. உங்கள் வீட்டில் ஆறு பேர், ஆட்களே 360க்குக் குறையாது. முப்பது கிலோவில் என்ன ஏற்றுவாய்? ஹிட்சுக்கென்று தனி வரம்பும் உண்டு, அதையும் பார்த்துவிடு.

வேனின் பின்பக்கம் அமுங்குகிறதே என்று சாமானை டிரெய்லரின் பின்னால் தள்ளிவிடாதே. பாரம் குறைந்த மாதிரி தெரியும், ஆனால் ஒரு லாரி பக்கத்தில் கடந்து போனாலே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். கனமான சாமான் டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக இருக்கட்டும். அப்படியே ஆடினாலும் வேனின் பிரேக்கை அழுத்தாதே, வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடு. அதற்காகவே சொல்கிறேன், டிரெய்லருக்கு எலக்ட்ரிக் பிரேக்கும் வேனில் இருந்தபடியே அதைக் கையால் இயக்குகிற கன்ட்ரோலரும் கட்டாயம் போடு. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார். மலை ஏறப்போவதால் கியர் ஆயிலுக்குக் கூலர் வேண்டுமா என்று வேனின் கையேட்டிலும் பார்.

என்னைக் கேட்டால், மடக்கி விரிக்கும் கூடார டிரெய்லர்தான் உனக்குச் சரி. எடை கம்மி, உயரமும் கம்மி. வேகமாகப் போகும்போது எஞ்சினைத் திணறடிப்பது பாதி காற்றுதான். பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் டிரெய்லர் உன் மனைவிக்குப் பிடித்திருக்கலாம், ஆனால் அதற்கு இந்த வேன் போதாது.

வாங்கும் முன் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை எழுதி அனுப்பு, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு என் அன்பு.

உன் பழைய நண்பன்