ஊர்ப் பெயரையாவது எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சமூக ஊடகம் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ஹேஷ்டேக், அதாவது பதிவில் # குறியோடு போடும் சொல், எப்போதுமே இளவட்டங்களின் விளையாட்டுதான், இப்போது அதுவும் ஓய்ந்துவிட்டதாம். ஓய்ந்தது பற்றி எனக்கு வழக்கில்லை. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியை இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் எடுத்ததும், விளம்பரங்களில் ஹேஷ்டேக் கூடாது என்று எக்ஸ் தளம் 2025 ஜூனில் சொன்னதும் தாங்கள் அறியாததல்ல. அந்த 'எப்போதுமே'தான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

2007இல் கிறிஸ் மெசினா என்ற இணைய வடிவமைப்பாளர் ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) # குறியைப் போடலாமே என்று கேட்டது, ஒரே விஷயம் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதற்கு. 2015 வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் ஹேஷ்டேக் போட்டுப் படகும் சாப்பாடும் கேட்டார்களே, அதுவும் விளையாட்டா? சென்னை என்பதால் அது கட்டுரையாளருக்கு நினைவிருக்கும். 2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா?

ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் ஆழ்கடலில் கிடந்தார்கள். என் மச்சானும் போயிருந்தார். இங்கே கரண்ட் இல்லை, போன் இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் பையன்கள்தான் ராத்திரி முழுக்க ஹேஷ்டேக்கில் தேடி, எந்தப் படகு லட்சத்தீவில் ஒதுங்கியது, எது மகாராஷ்டிரக் கரைக்குப் போனது என்று விசாரித்துச் சொன்னார்கள். ஒக்கி, ஓகி, ஓக்கி என்று ஆளுக்கொரு எழுத்தில் போட்டதால் அவர்கள் பட்ட பாடு வேறு கதை. அந்த வாரம் தங்கள் நாளிதழ் எங்களைத் 'தூத்துக்குடி மீனவர்கள்' ஆக்கியது. திருத்தம் கேட்டு எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறை போலும். 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம், ஊர்ப் பெயர்கள் பழக இன்னும் கொஞ்ச காலம் ஆகலாம்.

இன்று கன்னியாகுமரி என்ற ஹேஷ்டேக்கைத் தட்டினால் சூரிய உதயம், கண்ணாடிப் பாலத்து ரீல்ஸ், லாட்ஜ் விளம்பரம். அதைச் சுற்றுலாப் பயணிகள் செய்கிறார்கள், போகட்டும். தாங்கள் செய்யலாமா? தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்த செய்தியைத் தங்கள் முகநூல் பக்கத்தில் பார்த்தேன். 'நெஞ்சைப் பதறவைக்கும் காட்சி' என்று தலைப்பு. ஊர் இல்லை, தேதி இல்லை. கீழே வைரல், டிரெண்டிங் என்று ஒரு வரிசை, அதோடு அன்று வெளியான சினிமாவின் பெயர். யார் வீட்டுச் சாவுக்கு யார் படம் ஓட வேண்டும்? மாதக்கணக்கில் இப்படித் தூண்டிலில் இரை கோத்துவிட்டு, ஹேஷ்டேக் ஓய்ந்துவிட்டது என்று கட்டுரையும் தாங்களே எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. திற்பரப்பில் குளிக்கத் தடை என்று அதே பக்கத்தில் வந்ததை நம்பி, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிப்போகாமல் இருந்தோம். பிறகுதான் தெரிந்தது, அது போன மழைக்காலத்துச் செய்தி.

இப்போது பதிவில் எழுதிய சொற்களைப் படித்தே தளங்கள் தேடித் தருகின்றன என்கிறார்கள். சரி. அப்படியானால் எழுதினால்தானே கிடைக்கும்? நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டச் செய்தியைப் பதிவிடும்போது ஊர்ப் பெயரும் தேதியும் முதல் வரியில் இருக்கட்டும். தூத்தூர் என்றால் தூத்தூர் என்றே இருக்கட்டும். சாவுச் செய்தியின் கீழ் சினிமாப் பெயர் வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கும் இடம் இல்லையென்றால் பரவாயில்லை. முகநூல் பக்கத்தைக் கவனிக்கும் தம்பியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.