ரேடியோ 4-க்கு ஒரு காய்கறிக் கடைக்காரர் எழுதும் மடல்

பிபிசி ரேடியோ 4-ன் நிகழ்ச்சிகளைத் தீர்மானிப்பவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். 1941 முதல் 2017 ஏப்ரல் வரை உங்கள் நிறுவனமே தமிழோசையை வானொலியில் ஒலிபரப்பியது. சிற்றலையின் கரகரப்பில் அதைப் பிடிக்க, அப்பா டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கும் முற்றத்துக்குமாக அலைவார். அந்த உரிமையில், உங்கள் நிகழ்ச்சி வரிசையையும் நள்ளிரவுக் கப்பல் வானிலை அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். விடிவதற்குள் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தைக்குப் போய் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் ஏற்றிவர வேண்டும். வேனில், கல்லாவுக்குப் பின்னால், அப்புறம் வீட்டு அடுக்களையில் என்று நாள் முழுக்க உங்கள் நிலையம்தான். வேனில் இருப்பது பழைய ரேடியோ, கடையில் இருப்பது டிஜிட்டல். வாசலில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் எட்டு மணி ஆனதைச் சொல்லும் ‘பிப்’ ஒலிகள் முதலில் வேனில் கேட்கும். ஓரிரு நொடி கழித்துக் கடைக்குள் இன்னொரு முறை எட்டு மணி ஆகும். 1924 முதல் நேரம் தவறாமல் ஒலித்துவரும் ‘பிப்’புக்கு இந்தக் கதி!

செய்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. காலையில் அமைச்சர்களை மடக்கிக் கேள்வி கேட்கிறீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் நான் இத்தனை வருடம் உங்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 2015-ல் ஒரு வியாழக்கிழமை, ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் ‘இன் அவர் டைம்’. மெல்வின் பிராக் பேராசிரியர்களை உட்கார வைத்து அசோகரைப் பற்றிப் பேசவைத்தார். ஒரு அம்மாவுக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே கலிங்கப் போரைக் கேட்டேன். பள்ளியில் ‘சாலையோரம் மரம் நட்டார்’ என்பதோடு எங்கள் அசோகர் முடிந்துபோயிருந்தார். லண்டனில் ஒரு கல்லாவுக்குப் பின்னால்தான் மீதி அசோகரைப் பார்த்தேன். மீதிச் சில்லறையை வாங்கிய பிறகும் அந்த அம்மா போகவில்லை.

மாலை ஏழு மணிக்கு ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்துத் தொடர் நாடகம். என் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘மாட்டுக்கொட்டகை நாடகம்’. நான் வீட்டுக்கு வரத் தாமதமானால், விட்டுப்போன கதையைச் சொல்வதும் அவள்தான். போருக்குப் பிறகு உணவுப் பஞ்சம் இருந்தபோது விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லிக்கொடுக்க வேளாண் அமைச்சகத்தின் ஒத்துழைப்போடு 1951-ல் தொடங்கியதாமே. எங்கள் ஆகாசவாணியின் ‘வீடும் வயலும்’ கேட்டு வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகப் படவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், எங்கள் ஊரில் உரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நீங்கள் 1955-ல் ஐடிவி தொலைக்காட்சி தொடங்கிய இரவில் நாடகத்தில் வரும் கிரேஸ் ஆர்ச்சரைத் தீ விபத்தில் சாகடித்து ஊரையே அழவைத்தீர்கள்.

ஆப்பில் எல்லாமே இருக்கிறதே, வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள் என்பீர்கள். சரி. ஆனால் ஆப்பைத் திறந்தால் நான் எதைத் தேடுவேன்? கிரிக்கெட், செய்தி, மறுபடி கிரிக்கெட். அசோகரைத் தேடியிருக்க மாட்டேன். தொட்டிச் செடிக்குக் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று தேடியிருக்கவே மாட்டேன். தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ‘கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்’ தானாகக் காதில் விழுந்ததால்தான் என் கறிவேப்பிலைச் செடி பிழைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக நீங்கள் அடுக்கி வைக்கும் அந்த வரிசைதான் எனக்கு வேண்டியது. பிடிக்காததும் நடுவில் வரட்டும். சில நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு நான் இன்றுவரை ஒருமுறைகூடச் சிரித்ததில்லை, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, கடலில் போகிறவர்களுக்காக நீங்கள் வாசிக்கும் கப்பல் வானிலை அறிக்கை. 2024 ஏப்ரலில் நெட்டலைக்கான (லாங் வேவ்) தனி நிகழ்ச்சிகளை நிறுத்தியபோது, வார நாட்களில் அதை வாசிக்கும் தடவைகளையும் குறைத்தீர்கள். நெட்டலையை ஒலிபரப்பும் டிராய்ட்விச் டிரான்ஸ்மிட்டரின் பெரிய வால்வுகள் இப்போது எங்கும் தயாராவதில்லை, செலவும் கட்டுப்படியாகாது. அது எனக்குப் புரிகிறது, கடை நடத்துகிறவன் நான். கப்பல்காரர்களிடம் இப்போது வேறு கருவிகள் இருப்பதும் தெரியும். ஆனால் இரவு 12.48-க்கு வாசிப்பதை மட்டும் தொடாதீர்கள். அதற்கு முன்னால் வரும் ‘செயிலிங் பை’ இசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வைக்கிங், ஃபோர்ட்டீஸ், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று 31 கடற்பகுதிகளையும் அவசரமில்லாமல் வாசிக்கிறார்கள். அதில் ஃபிட்ஸ்ராய் என்ற பெயர் வரும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள்வேன். 1859-ல் ராயல் சார்ட்டர் கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கிவைத்த மனிதர் அவர். 2002-ல்தான் ஒரு கடற்பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

எனக்குக் கடலில் படகும் இல்லை, போகிற சொந்தக்காரரும் இல்லை. இருந்தும் சந்தைக்கு எழுந்திருக்க மூன்றே மணி நேரம் இருக்கும்போதுகூட, அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு ஷெட்லாண்டில் காற்று எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நேயர்