களிம்பு ஏறிய ரசம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சமையலும் கொலையும் கலந்த துப்பறியும் நாவல்கள் பற்றி வந்த கட்டுரையை, குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் 'அத்தியாயத்துக்கு நடுவே கேக் செய்முறை போடுகிற அந்த வகை நாவல் தமிழுக்கு ஒத்துவராது' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டதை மட்டும் ஏற்க முடியவில்லை.

செய்முறையைச் செருகிவிட்டால் அது சமையல் மர்மமா? ரோல் டால் 1953-ல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், உறைந்த ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொன்றவள் அதையே சமைத்து, விசாரிக்க வந்த போலீசாருக்குப் பரிமாறிவிடுகிறாள். ஆயுதத்தைத் தேடி வந்தவர்களே அதைத் தின்று தீர்க்கிறார்கள். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். அந்தக் கைப்பழக்கம்தான் அவர் கதைகளின் விஷக் கோப்பைகளில் தெரிகிறது. அதுபோல அடுக்களையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் நம் பக்கம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் துப்பறியும் கதை எங்கள் டெல்டாவுக்குப் புதிதல்ல. நூறு வருஷம் முன்பே எழுதிக் குவித்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம்தான். பட்டுக்கோட்டை பிரபாகர் ஊரையே பெயரில் வைத்திருக்கிறார். ஆனால் துப்பறிவாளர்கள் சாப்பிட்டது என்று யோசித்தால், எனக்கு நினைவில் நிற்பது தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலின் தேநீர் மட்டுமே.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, வெண்ணாற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார். முதல் பந்தி நன்றாகவே நடந்தது. இரண்டாம் பந்தி எழுந்து அரை மணி ஆகவில்லை, வாசலில் ஆளாளுக்கு வாந்தி. சம்பந்திகளுக்குள் முதல் நாள் ராத்திரியே சீர் விஷயமாக மனஸ்தாபம். 'அவங்கதான் எதையோ கலந்துட்டாங்க' என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒருவர் போலீசுக்குச் சொல்லச் சைக்கிளை எடுத்தார்.

அப்பா அவரை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேட்டார். எந்தப் பந்தி? ரசம் சாப்பிட்டீங்களா? முதல் பந்திக்காரர் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இரண்டாம் பந்தியில் ரசத்தைத் தொடாமல் நேரே மோர்ச்சாதத்துக்குப் போன பிள்ளைகள் பந்தலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே போய் ரசத் தவலையைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பூசிய ஈயம் தேய்ந்து, உள்ளே பித்தளை மஞ்சளாகப் பல்லிளித்தது. விளிம்போரம் பச்சையாகக் களிம்பு. எங்கள் பாத்திரம் போதாமல், அந்த வீட்டுப் பரணிலிருந்து கையாள் பையன் இறக்கிய தவலை அது. ஈயம் போன பித்தளையில் புளி ரசம் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், செம்பு இறங்கிவிடும்.

பையன் பெயரை அப்பா சொல்லவில்லை. 'பாத்திரத்தைப் பார்க்காதது என் தப்பு' என்று பாதிக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு 'பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே' என்று தெருவில் குரல் கேட்டால், நவச்சாரப் புகை அடங்கும்வரை அந்த ஆள் பக்கத்திலேயே நிற்பார்.

இதில் துப்பு இல்லையா? ரசம் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் ஈயச்சொம்பு உருகி ஓடிவிடும். அது வெள்ளீயம்; 232 டிகிரியே தாங்காது. உருகிக் கிடக்கும் சொம்பைப் பார்த்தாலே, அடுப்பை மூட்டியவள் ரசத்தைக் கரைப்பதற்குள் எதற்கோ எழுந்து போனாள் என்று தெரிந்துவிடும். இட்லி மாவு இருக்கிறதே, அது ஒரு கடிகாரம். சித்திரையில் ராத்திரி அரைத்தது விடிவதற்குள் பொங்கி வழியும்; மார்கழியில் ஏழு மணிக்கும் அசையாமல் கிடக்கும். 'நேற்று பத்து மணிக்கு அரைத்து வைத்துவிட்டுப் படுத்தேன்' என்று பொய் சொல்கிறவளை எந்த மாமியாரும் பானையைத் திறந்தே பிடித்துவிடுவாள். இன்ஸ்பெக்டருக்குத்தான் தெரியாது. (ஃபிரிட்ஜ் வந்து இந்தத் தடயத்தைக் கெடுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதையைக் கொஞ்சம் பழைய காலத்தில் வைத்துக்கொள்ளட்டும்.)

நூறு இலைக்கு எவ்வளவு புளி, எவ்வளவு பருப்பு என்று அப்பா எழுதிய கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது எழுத முன்வந்தால் தரத் தயார்.

இன்னொன்று. அதே கட்டுரையில் கும்பகோணம் கடப்பாவுக்குத் துவரம்பருப்பு என்று அச்சாகியிருக்கிறது. பாசிப்பருப்பு. உருளைக்கிழங்கோடு பாசிப்பருப்பை வேகவைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்துவிடுவது. துவரம்பருப்பைப் போட்டால் அதற்குப் பெயர் சாம்பார். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சமையல்காரர் மகள்,
மன்னார்குடி