ஹெராத்தில் வீடு கட்டித்தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மறுகட்டுமான அமைப்பினருக்கு,

2023 அக்டோபர் 7 முற்பகலில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணம் 6.3 அளவு நிலநடுக்கத்தில் அதிர்ந்தது. சுமார் அரை மணி நேரத்தில் அதே அளவில் இன்னொன்று. பிறகு 11ஆம் தேதி ஒன்று, 15ஆம் தேதி ஒன்று, அவையும் 6.3தான். ஜிந்தா ஜான் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தரைமட்டமாயின. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்றது ஐ.நா. அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள்தான்.

அதிர்வு ஒன்றோடு நிற்கவில்லை; ஆகவே ஓர் அதிர்வை மட்டும் தாங்கும் வீடு அங்கே போதாது. விரிசல் விட்ட பிறகும் சரியாமல் நிற்கும் வீடு வேண்டும். மண்கட்டுமானத்தில் பழகிய பொறியாளர்களாக நாங்கள் கேட்பது இதைத்தான்.

சுடாத பச்சைக்கல் சுவரில் முதல் அதிர்வு இரண்டு வேலை செய்கிறது: கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது, சுவர்கள் சந்திக்கும் மூலை செங்குத்தாகப் பிளக்கிறது. அதன்பின் அது ஒரே சுவர் அல்ல, தனித்தனித் துண்டுகள். அங்குள்ள கும்மட்டக் கூரையோ தன் எடையால் எப்போதும் சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மழைக்காக மேலே மேலே பூசிய மண் அந்த எடையை இன்னும் கூட்டியிருக்கும். அடுத்த அதிர்வில் துண்டுகள் விலக, கூரை உள்ளே இறங்குகிறது. மண் பொடிந்து இடைவெளியின்றி மூடுவதால், அடியில் சிக்கியவர்களுக்கு மூச்சுவிடக் காற்று இருப்பதில்லை.

துண்டுகளைப் பிடித்து நிறுத்துவதே தீர்வு. லிண்டல் மட்டத்திலும் (கதவு, சன்னலின் மேல்விளிம்பு) கூரை மட்டத்திலும் வீட்டைச் சுற்றி இடைவிடாத மரப் பெல்ட் ஓடட்டும்: இணையாக இரண்டு சட்டங்கள், அவற்றைக் கோக்கும் குறுக்குக் கட்டைகள். மூலையில் பெல்ட் அறுந்தால் போட்டதே வீண். சுவரின் இருபுறமும் பிளாஸ்டிக் வலை விரித்து, கல் வரிசைகளுக்கு நடுவே குறுக்காக விட்ட கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வெயில் வலையைக் கெடுக்குமுன் மண் பூசிவிடுங்கள். பெரு நாட்டின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அதிர்வு மேடையில் சோதித்த முறை இது.

சுவர் உயரம் அதன் தடிமனைப்போல் 8 மடங்கைத் தாண்டக்கூடாது, 40 செ.மீ. சுவருக்கு 3.2 மீட்டர். கதவு, சன்னல் அகலம் 1.2 மீட்டருக்குள், மூலையிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி. எல்லாத் திறப்பும் சேர்ந்து சுவர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்.

மண்ணைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். 2 செ.மீ. உருண்டைகள் பிடித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். ஒன்று உடைந்தாலும் மண்ணில் களிமண் போதவில்லை. சாந்தில் வைக்கோல் கலந்தால் உலரும்போது வெடிப்பு குறையும்.

மரம் கிடைக்காததால்தான் அங்கே கும்மட்டம் வந்தது. இலேசான கூரை கொடுப்பதானால் உத்தரங்களையும் நீங்களே கொண்டுவர வேண்டும். அவற்றை மேல் பெல்ட்டோடு இறுகப் பிணைக்காவிட்டால் ஹெராத்தில் கோடையில் மாதக்கணக்கில் வீசும் '120 நாள் காற்று' கூரையைத் தூக்கிவிடும்.

இடியாமல் நிற்கும் வீடுகளின் விரிசலை மண்ணால் பூசி மறைக்க விடாதீர்கள். பூச்சு விரிசலை மூடும், சுவரை இணைக்காது. அத்தகைய வீட்டில் கும்மட்டத்தை இறக்கி, வலை கட்டிய பிறகே குடும்பம் உள்ளே படுக்கலாம்.

கூரைப் பொருளை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். மேல் பெல்ட்டின் நான்கு மூலைகளையும் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்த பின் கொடுங்கள்.

இப்படிக்கு,
மண்கட்டுமானப் பொறியாளர்கள்