பெல்லட் டப்பா வாங்கும் முன்: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போட்டிகள் நெருங்கினால் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வரும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கேட்பது ஒன்றே: "இருப்பதிலேயே நல்ல பெல்லட் எது?" பெல்லட் என்பது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. விலைப்பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் பேரலுக்கு (துப்பாக்கிக் குழாய்க்கு) எந்தத் தலை அளவும் (பெல்லட்டின் முன்பகுதி விட்டம்) எந்த லாட்டும் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை) ஒத்துப்போகிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல பெல்லட். பக்கத்து லேனில் சுடும் பிள்ளைக்கு 10.8 புள்ளி விழும் டப்பா உங்கள் பிள்ளையின் துப்பாக்கியில் சிதறலாம்.

வெளிநாடுகளில் பெரிய ரைஃபிள் சுடுபவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பி, வெடிமருந்தின் எடையையும் குண்டு உட்காரும் ஆழத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இங்கே தோட்டா தயாரிக்க ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை. ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது என்பதால் சுடுபவர் கையில் இருப்பது பெல்லட் தேர்வுதான்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதை டார்கெட் அட்டையே சொல்லும். ஏர் ரைஃபிள் அட்டையின் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. துளையின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளிப்போனால் 10.0. அங்கிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் ஒரு தசமப் புள்ளி கூடும். ஆக, பத்துக் குண்டின் குரூப் (துளைகளின் கூட்டம்), மிகத் தள்ளியிருக்கும் இரு துளைகளின் மையத்துக்கு மையம் 2.5 மி.மீ.க்குள் அடங்கி, அட்டையின் நடுவிலும் அமைந்தால், மோசமான குண்டுகூட ஏறக்குறைய 10.5. அதே குரூப் 5 மி.மீ. என்றால், சுடுபவர் பிழையே செய்யாவிட்டாலும் 10.0 விழும்.

தலை அளவு என்பது டப்பா ஸ்டிக்கரில் 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று இருக்குமே, அதுதான். அளவு சிறிதானால் ரைஃப்ளிங்கில் (பேரலின் உட்புறச் சுருள் பள்ளங்களில்) சரியாகப் பிடிக்காது. பெரிதானால் உராய்வு கூடி வேகம் குறையும். வெர்னியர் காலிப்பரால் சரிபார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஈயம் மெத்தென்றது, தாடைகள் அழுத்தியதும் அளவு மாறிவிடும். நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தைக் காலிப்பர் நம்பிச் சொல்லாது, அட்டைதான் சொல்லும்.

சோதனைக்குத் துப்பாக்கியை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடிப்பது உத்தமம். வைஸ் இல்லையென்றால் மணல் மூட்டை மேல் வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் பிடியுங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; முந்தைய ஈயப் படிவு மாறி பேரல் பழக வேண்டும். பிறகு புது அட்டையில் பத்துக் குண்டு. மூன்று அளவுகளைச் சோதித்தால் 4.49, 4.50, 4.51 என்று போய், 4.51, 4.50, 4.49 என்று திரும்பி வாருங்கள். காற்றுச் சிலிண்டரின் அழுத்தமும் கையின் களைப்பும் கடைசி வகையின் தலையில் மட்டும் விழாமல் இருக்கும். குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அகலமான இடத்தை அளந்து 4.5 கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். ஐந்து குண்டில் முடிவெடுக்காதீர்கள். ஐந்து குண்டு அதிர்ஷ்டத்தாலும் ஒன்றாக விழும். இரண்டு பத்துக் குண்டுக் குரூப்களிலும் ஒரே அளவு ஜெயித்தால் நம்பலாம்.

ஜெயித்ததும் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பிராண்ட், அதே 4.50, வேறு லாட் என்றால் அச்சு மாறியிருக்கலாம், மறுபடி சோதனைதான். அதனால் பருவம் முழுவதற்கும் தேவையான டப்பாக்களை ஒரே லாட்டில் வாங்குங்கள். நாங்கள் பணம் பண்ணச் சொல்லும் யோசனை மாதிரித் தெரியும், பரவாயில்லை.

நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டரில் போனால், 10 மீட்டருக்குள் சுமார் 18 மி.மீ. கீழே இறங்கும். எடையில் 10 மில்லிகிராம் கூடினால் இறக்கம் 0.35 மி.மீ. அளவுக்குக் கூடும். அது ஒரு தசமப் புள்ளிக்குச் சற்று மேல். நல்ல மேட்ச் டப்பாவுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஐந்நூறு பெல்லட்டைத் தராசில் ஏற்றும் நேரத்துக்கு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஸ்கர்ட் (பெல்லட்டின் பின்புற விளிம்பு) நசுங்கியவற்றை ஒதுக்கினால் பலன் அதிகம். விளிம்பு ஓரிடத்தில் வளைந்தாலும் காற்று சமமாகத் தள்ளாது, குண்டு சாய்ந்து போகும். டப்பா கீழே விழுந்தால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். சுடும்போது தனித்தனிக் குழியுள்ள தட்டில் எடுத்து வைத்தால் ஒன்றோடொன்று மோதாது.

நம் ஊருக்கே உரிய தொல்லை கடல் காற்று. ஈரமும் உப்பும் பட்ட ஈயத்தில் வெள்ளைப் பூச்சு படரும். அப்படிப்பட்ட பெல்லட்டைப் பேரலில் போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கவும். மர அலமாரி வேண்டாம். சில மரங்கள் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும்; புளிப்பு வாடை வீசும் சிலிகான் பசைக்கும் அதே குணம். ஏ.சி. அறையிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் குளிர்ந்த ஈயத்தின் மேல் வியர்க்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அறைச் சூடு ஏறும்வரை மூடியே வையுங்கள்.

குரூப் மேலும் கீழுமாக நீண்டால் பெல்லட்டை உடனே குற்றம் சொல்லாதீர்கள். ரெகுலேட்டரையும் (காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) சிலிண்டர் அழுத்தத்தையும் முதலில் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகம் மாறினாலே அட்டையில் ஒரு மி.மீ. ஏறி இறங்கும். ஈரம் வடிகட்டாத பம்பில் காற்று ஏற்றினால் சிலிண்டரின் உள்ளே அரிப்பு ஏற்படலாம். சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் தேதியிலிருந்து பத்தாண்டு கடந்திருந்தால் அதில் காற்று நிரப்பித் தரமாட்டோம், வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளைகள் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தின்பண்டம். வாயில் பெல்லட்டைக் கவ்விக்கொள்ளும் பழக்கம் இருந்தால் கண்டியுங்கள், அது ஈயம்.

சோதனைக்காக மூன்று தலை அளவுகளில் சிறு பொட்டலங்கள் லாட் எண் எழுதிக் கிடைக்கும். நீங்கள் முடிவு சொல்லும்வரை அதே லாட்டின் முழு டப்பாக்களை இரண்டு வாரம் ஒதுக்கி வைப்போம். வரும்போது சுட்ட அட்டைகளையும் எடுத்து வாருங்கள், சேர்ந்தே அளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடையினர், புதுச்சேரி