கூட வர்றவுககிட்ட மம்பட்டி இருக்கா

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியா. போன ஞாயித்துக்கெழமை போன் வரல, அதுக்கு முந்துன வாரமும் ரெண்டு வார்த்த பேசிட்டு சிக்னல் இல்லம்மான்னு வச்சிட்ட. சரி, சிக்னல் இல்லன்னா இல்லதான், நான் அதுக்காக இத எழுதல. நீ அனுப்புன வீடியோ பாத்தேன்ல, மலை மேல இருந்து பனியில உக்காந்தபடியே சறுக்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டு வர்றியே, அதப் பத்தித்தான். எழுதுறேன்னு சொல்றேனே தவிர நான் பேசுறேன், போனு எழுதிக்குது. தப்பு கிப்பு இருந்தா தம்பிய திட்டு, அவன்தான் இத பழக்கிவிட்டான்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. சறுக்கும்போது கால்ல, பனியில வழுக்காம பூட்ஸ்ல மாட்டுவீகளே அந்த முள்ளு, அத மாட்டியிருந்தியா, கழட்டிட்டியா. நிறுத்தி நிறுத்தி பாத்தேன், ஒண்ணும் தெரியல, ஒரே பனித்தூளு. முள்ளோட சறுக்குனா முள்ளு பனியில குத்தி அங்கனயே நின்னுரும், ஒடம்பு மட்டும் கீழ போகும், கணுக்கால் ஒடையுறது அப்படித்தானாம். உக்காருறதுக்கு முன்னாடி கழட்டிரணும். கீழ எங்க போயி நிக்கப்போறோம்னு கண்ணால பாக்காம உக்காரவே கூடாது, பாறை கெடக்கா, மரம் நிக்கா, திடீர்னு பள்ளமா, எல்லாத்தையும் பாக்கணும். கையில பனிக்கோடாலி இருந்துச்சு, அத பாத்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஆனா அத வச்சு நிறுத்தத் தெரியுமா இல்ல போட்டோவுக்கு புடிச்சிருந்தியா? குப்புற திரும்பி கோடாலி மூக்க பனியில குத்தி நெஞ்ச வச்சு அழுத்தணுமாம், அதுவும் வேகம் புடிக்கிறதுக்கு முன்னாடி, வேகம் புடிச்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாதாம். சின்ன சரிவுல நாலு தடவ பழகிக்க. நாலு தடவ இல்ல, நாப்பது தடவ பழகிக்க.

அந்த வீடியோவ எடுத்தது யாரு. நான் யாருன்னு கேக்கல. எடுத்த ஆளு நின்ன எடம் சரியான எடமான்னு கேக்குறேன். ஒருத்தர் சறுக்கும்போது இன்னொருத்தர் நேர் கீழ நிக்கக் கூடாது, ஓரமா நிக்கணும். கடைசியில ஒரு செவப்பு ஜாக்கெட் கையி மட்டும் தெரிஞ்சுச்சு.

இதெல்லாம் ஒனக்கு எப்படிம்மா தெரியும்னு கேப்ப. அமெரிக்காவுல ஒங்க சியாட்டில்ல பனிச்சரிவு மையம்னு ஒண்ணு இருக்குல்ல, அவுக போடுற அறிக்கைய தம்பி தமிழ்ல மாத்தி குடுத்தான். நம்ம பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துற மாதிரி அவுகளும் நம்பர் போடுறாக, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். நான் அஞ்சு வந்தாத்தான் பயம்னு நெனச்சேன். தம்பிதான் படிச்சு சொன்னான், நாலு அஞ்சுன்னா பெரும்பாலும் யாரும் போகமாட்டாகளாம், மூணாம் நம்பர் அன்னைக்குத்தான் பாத்துக்கலாம்னு போயி நெறைய பேரு மாட்டிக்கிறாகளாம். கேட்டதும் எனக்கு ஒன் மொகந்தான் வந்துச்சு. பாத்துக்கலாம்மான்னு சொல்ற ஆளு நீதானே.

அந்த அறிக்கையும் ஏப்ரல் கடைசிக்குள்ள தெனமும் வர்றது நின்னுருது. இங்க ஏப்ரல் 15ல இருந்து விசைப்படகுக்கு தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் ஜெட்டி பூரா படகுகள கட்டிப் போட்டுக் கெடக்கு. அங்க ஒங்களுக்கு அப்பத்தான் மலை ஏறுற சீசன் ஆரம்பிக்குது, அந்த நேரம் பாத்து அறிக்கை நிக்குது. நின்னா பனி நின்னுருச்சுன்னு அர்த்தமா? தம்பிட்ட கேட்டேன், அவன் ஒன்ன மாதிரியே தோள குலுக்குறான்.

நீ கிரானைட் மலைக்குப் போகணும்னு சொன்னேல்ல, 5,629 அடி, உச்சியில காட்டுத்தீ பாக்குற பழைய குடிசை ஒண்ணு இருக்குன்னு. அதப் பத்தி வாசிச்சதுல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. கீழ காரு நிறுத்துற எடத்துல பனியே இருக்காதாம், பச்சையா பூவெல்லாம் பூத்து பனியன போட்டுக்கிட்டு நடக்கலாமாம். ஆனா பாதை மேல போயி ஒரு ஓடைப் பள்ளத்த குறுக்க தாண்டுதுல்ல, அந்தப் பள்ளத்துக்கு நேர் மேல பனி அப்படியே குமிஞ்சு கெடக்குமாம், கீழ நிக்கிறவுக கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அது இறங்குனா அந்த பள்ளம் வழியாத்தான் இறங்கும். ஆளு செத்திருக்காக அங்க. வெயில் காலத்து பாதை வேற, இந்த மாசத்து பாதை வேற, தெரிஞ்சவுக பள்ளத்த விட்டுட்டு மேட்டு ஓரமாத்தான் ஏறுறாகளாம். 30 டிகிரில இருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்குற சரிவுலதான் பெரும்பாலும் பிச்சுக்கிட்டு வருமாம். போன சாய்ச்சு வச்சா டிகிரி காட்டுமாமே, நீ அத போட்டு பாத்தியா. ஒன் போன்ல மத்ததெல்லாம் இருக்கும்.

வெள்ளன போயி வெள்ளன இறங்கிரு. மேல ராத்திரி குளிர்ல பனி கெட்டிப்பட்டு கெடக்கும், விடிகாலையில முள்ளு நல்லா புடிக்கும். வெயில் ஏற ஏற எளகி முழங்கால் வரைக்கும் உள்ள போகும். அப்படி கால் போக ஆரம்பிச்சாலோ, மேல இருந்து பனி உருண்டை உருண்டையா தானா உருண்டு வந்தாலோ, அங்க நின்னு போட்டோ எடுக்காத, இறங்கிரு. இன்னொண்ணு, ராத்திரி பூரா மேகம் மூடியிருந்துச்சுன்னா பனி இறுகவே இறுகாதாம், வானம் தெளிவா இருந்தாத்தான் சூடு மேல போயி இறுகுமாம். அதனால நீ வெள்ளன எந்திரிச்சிட்டேன்னு மட்டும் கணக்கு இல்ல, முந்துன நாள் ராத்திரி வானம் எப்படி இருந்துச்சுன்னும் பாக்கணும். ராத்திரி இறுகலன்னா போகாத. டிக்கெட்டா எடுத்து வச்சிருக்க, திரும்பி வந்து படுத்து ஒறங்கு.

அப்புறம் இந்த ஓடை. சாயங்காலம் தண்ணி ஏறும், பகல் பூரா உருகுனது அப்பத்தான் கீழ வந்து சேரும். காலையில கல்லு மேல கால் வச்சு தாண்டுன ஓடைய திரும்பி வரும்போது தாண்ட முடியாம போயிரும். ஓடைக்கு மேல பனி பாலமா நிக்கும், அடியில தண்ணி அரிச்சு வெறும் ஓடா இருக்கும், பாத்தா தெரியாது. பாறை ஓரத்துலயும் மரத்து அடியிலயும் பனி உருகி பொந்து விழுந்திருக்கும், ஒட்டி நடக்காத. கண்ணாடி போடாம பனியில நிக்காத, வெயிலு மேல இருந்தும் அடிக்கும் பனியில பட்டு கீழ இருந்தும் அடிக்கும், கண்ணு வெந்துரும். நான் சொல்றேன்னு அலுத்துக்காத, கண்ணு வெந்தா என்ன பாடுன்னு எனக்குத் தெரியும்.

நீ என்ன சொல்லுவன்னும் எனக்குத் தெரியும். நீ மட்டும் கடலுக்கு போகலையா, வாயில துணிய கடிச்சுக்கிட்டு மூச்ச புடிச்சு கடல்பாசி எடுக்க முங்கலையா, விரல்ல துணி சுத்திக்கிட்டு பாறையில கை கிழிச்சுக்கிட்டு வரலையான்னு கேப்ப. போனேன். மரிக்கொழுந்து பாசி எடுத்துத்தான் ஒனக்கு பீஸ் கட்டுனேன். சரி அத விடு. மேல போனா மனசு லேசா இருக்கும்மான்னு சொன்ன, அது எனக்கும் புரியும், தண்ணிக்குள்ள தலைய விட்டா கரையில இருக்குற சத்தம் ஒண்ணும் கேக்காது. அதுக்காகவே போன நாளும் உண்டு, ஒங்கப்பாட்ட சொல்லாத.

பெருமையும் இருக்கு, இல்லன்னு சொல்லல. போன வருசம் ரெய்னியர் மலையில கேம்ப் முயர்ங்குற முகாம் வரைக்கும் ஏறுனேல்ல, 10,188 அடி, அத நான் சொல்லாத வீடு சின்னப்பாலத்துல இல்ல. நம்ம சனத்துக்கு மலைன்னா ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதம்தான், அதுல ஏறி நின்னாலே மூச்சு வாங்குது இவளுகளுக்கு. தண்ணியக் கண்டா அலறுன புள்ள, நீச்சல் கத்துக்க மாட்டேன்னு என் சேலைய புடிச்சுக்கிட்டு கெடந்த புள்ள, ஒறஞ்ச தண்ணி மேல ஏறி நிக்கிது. ஆனா அங்கயும் மேகம் எறங்குனா வெள்ளைக்குள்ள வெள்ளை, மேடு எது பள்ளம் எதுன்னு தெரியாம அந்த பனிவெளியில வழி தவறி எத்தன பேரு போயிருக்காக. குளிர்ல போன் சார்ஜ் சட்டுனு எறங்கிரும், மேப்பெல்லாம் போனுக்குள்ளயே வச்சிருந்தா என்ன செய்வ. காம்பஸ் வச்சுக்க. மேகம் கண்ணுல பட்டதும் திரும்பு, உச்சி எங்கயும் ஓடிப் போயிராது.

இப்ப நான் கேக்க வந்தத கேக்குறேன். பனிக்குள்ள ஆள் புதைஞ்சிட்டா மொத பத்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தா பெரும்பாலும் உசுரோட எடுத்துரலாமாம், அரை மணிக்கு மேல போச்சுன்னா மூணுல ஒருத்தர் பொழைச்சா பெருசாம். மூச்ச புடிச்சு முங்குனவளுக்கு அந்த நிமிஷக் கணக்க யாரும் வெளக்கிச் சொல்ல வேண்டாம். ஹெலிகாப்டர் வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல, அது வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். கூட வந்தவுகதான் தோண்டணும். அதுக்கு மூணு சாமான் வேணும், சிக்னல் குடுக்குற கருவி, குத்திப் பாக்குற நீட்டுக் கம்பி, மம்பட்டி. நீ இருக்கும்மா எல்லாம் என்கிட்ட இருக்கும்மான்னுவ. ஒன்கிட்ட இருந்து என்ன செய்ய? ஒன் மம்பட்டி ஒன் முதுகுலயே ஒன்கூட புதைஞ்சு போகும். ஒன்ன தோண்டுறது அடுத்த ஆளோட மம்பட்டி. அதனால நான் கேக்குறது ஒன்னப் பத்தி இல்ல. கூட வர்றவுககிட்ட மம்பட்டி இருக்கா. கருவிய வச்சு தேடத் தெரியுமா, சும்மா கழுத்துல மாட்டியிருக்கா. பதறாத ஆளா. ஒன்ன கீழ விட்டுட்டு முன்னாடி முன்னாடி போற ஆளா, நின்னு திரும்பிப் பாக்குற ஆளா.

பாசிக்கு எறங்கும்போது எனக்கு ஜோடி யாருன்னு ஒனக்குத் தெரியும், மேலத்தெரு அத்தை. சீட்டுப் பணத்துல சண்டையாகி எங்களுக்குள்ள எத்தன வருசம் பேச்சுவார்த்தை இல்ல, ஒன் சடங்குக்கு கூட அவ வரல. ஆனா தண்ணிக்குள்ள அவதான் ஜோடி, வேற ஆளோட நான் எறங்குனதில்ல. ஏன்னா நான் தலைய தூக்குன நேரமெல்லாம் அவ தலை மேல இருக்கும், என்ன பாத்துட்டுத்தான் மறுபடி முங்குவா. இனிக்க இனிக்க பேசுறவளுக எத்தனையோ பேரு இருந்தாளுக, பாசி கண்ணுல பட்டுட்டா பக்கத்துல ஆள் இருக்கா செத்தாளான்னு பாக்கமாட்டாளுக. ஆளு என்ன பேசுறாக எப்படி சிரிக்கிறாகன்னு எல்லாம் கணக்கு வைக்காத. எந்த ஊரு எந்த கோயிலு எந்த தெருவுன்னும் தண்ணிக்குள்ள யாரும் கேட்டதில்ல. கரையில கேப்பாக. ஒங்கப்பா கேப்பாரு.

நான் கடல சொன்னேன்.

அக்கா விஷயத்துல நம்ம வீட்ல நடந்ததையே மனசுல வச்சுக்கிட்டு நீ ஞாயித்துக்கெழமை போன் பண்ணாம இருந்தேன்னா, அது வேற. அன்னைக்கு வீட்ல இருந்த ஆளுக வேற, தாத்தாவும் இருந்தாரு. இப்ப அக்காவும் புள்ளைகள கூட்டிக்கிட்டு பொங்கலுக்கு வந்துட்டுத்தான் போறா, மாப்பிள்ளை ஒங்கப்பாகூட ஒக்காந்து வலை பின்னுறாரு. நீ எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருக்க.

ஒங்கப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, நாட்டுப்படகுக்கு தடை இல்லன்னு நேத்தும் போனாரு, ஒண்ணும் பாடு இல்ல. புது பாலத்துல ரயில் போறத பாக்க வெளியூர்ச் சனம் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு, நடுவுல அப்படியே மேல தூக்குறப்ப நம்ம ஆளுகளும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிதுக. தங்கச்சிமடம் சித்தி மகளுக்கு ஆவணியில கல்யாணம். வீடியோவ அப்பாட்ட காட்டுனேன், முழுசும் காட்டல, நீ சறுக்குறது மட்டும் காட்டிட்டு கையி வர்றதுக்குள்ள நிறுத்திட்டேன். இன்னொரு தடவ போடுன்னாரு, சார்ஜ் இல்லன்னு சொல்லிட்டேன். அவரு என்ன சின்னப் புள்ளையா, என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒண்ணும் கேக்கல.

அங்க நேரம் நமக்கு பன்னெண்டரை மணி நேரம் பின்னாடி, நீ விடிய எந்திரிச்சு மலைக்குப் போகும்போது இங்க சாயங்காலம், நான் முழிச்சுத்தான் இருப்பேன். ஏறும்போது ஒரு மெசேஜ், எறங்குனதும் ஒரு மெசேஜ் போடு. எந்த மலை, எந்த பாதை, எத்தன மணிக்குள்ள திரும்புவேன்னு யார்ட்டயாச்சும் சொல்லிட்டுப் போ, எனக்கு சொன்னா நான் இங்க இருந்து என்ன செய்ய முடியும், அங்க பக்கத்துல இருக்குற ஆளுக்கும் சொல்லு. வெள்ளன போ. மேகத்த பாரு. கிரானைட் மலை வேண்டாம், ஜூலைல போ.

கீழக்கரை மாமா மகன் அடுத்த மாசம் ஒங்க ஊரு பக்கம் வேலைக்கு வர்றானாம், ஒரு கிலோ ரெண்டு கிலோ தூக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான். நெத்திலிக் கருவாடு காய வச்சிருக்கேன், மண்ணு இல்லாம வலை மேல போட்டது. கொஞ்சம் மாசிக் கருவாடும் வாங்கியிருக்கேன். கருவாட்டு வாசம் அந்த செவப்பு ஜாக்கெட்டுக்கு ஆகுமா ஆகாதா, ஒரு ஆளுக்கு கட்டவா ரெண்டு ஆளுக்கு கட்டவா, அத மட்டும் ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு.

அம்மா